அப்பா வைக்கிற போர்ஷ்

லிப்னிக்கி
12 அக்டோபர் 2003

ஸ்டெஃபா,

யரேமாவின் வேன் நாளைக் காலையில் இத்தாலிக்குக் கிளம்புகிறது. உன் பையில் உலர்ந்த காளானும் உன்னுடைய கம்பளிக் காலுறைகளும் வைத்திருக்கிறேன். கடிதத்தைக் காலுறைக்குள் திணித்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. யரேமா பிறர் கடிதத்தைப் படிக்கிறவன் இல்லை. அவன் மனைவியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ வைக்கிற அந்தப் பீட்ரூட் சூப், போர்ஷ், எப்படி வைப்பது?

நீ ஏப்ரலில் நேப்பிள்ஸ் போனதிலிருந்து பக்கத்து வீட்டுப் பரஸ்காதான் எங்களுக்குச் சட்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், குழந்தை பட்டினி கிடக்கக் கூடாதென்று கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். ஊர் வேறு மாதிரி நினைத்திருக்கிறது. போன வாரம் சோலோமியா பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். கூடப் படிக்கிற பையன் ஒருவன் எல்லார் முன்னாலும், "உங்க வீட்டுல அம்மாவை மாத்திட்டாங்களாமே, புது அம்மா நல்லா சமைக்கிறாங்களாமே?" என்று கேட்டானாம். நான் சட்டியைக் கழுவிப் பரஸ்காவின் வாசலில் வைத்துவிட்டு, கதவைக் கூடத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள், சொல்.

அப்புறம் நானே வைத்துப் பார்த்தேன். ஆயுளில் பாதியைச் சர்க்கரை ஆலையில் பீட்ரூட் மலைகளுக்கு நடுவே கழித்தவன் நான். அது வெள்ளைக் கிழங்கு, இது சிவப்பு; ஒரே குடும்பம்தானே என்று துணிந்துவிட்டேன். எல்லாவற்றையும் நறுக்கி ஒன்றாகப் போட்டு, ஒரு பூசை முடிகிற நேரம் கொதிக்கவிட்டேன். சிவப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மூடியைத் திறந்தால் ஆலைக்குப் பின்னால் ஓடுமே கழிவுநீர்க் கால்வாய், அச்சு அசல் அந்த நிறம். உருளைக்கிழங்கு மட்டும் கல்லாகவே இருந்தது. சோலோமியா, "பரவாயில்லப்பா, ரொட்டியைத் தொட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல" என்றாள். எனக்கு அந்த நல்ல மனசுதான் தாங்கவில்லை.

திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் அடுப்படியில் நின்றேன். உன் அக்கா ஓரிஸ்யாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வாசலில் பேச்சாகிவிடும். ஆலை மூடியதிலிருந்து இந்த ஊரில் எனக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதையாவது விட்டுவை. யாரிடமும் சொல்லாதே.

ஸெனோவி

*

நேப்பிள்ஸ்
26 அக்டோபர் 2003

என் ஸெனிக்,

உன் கடிதத்தை வேன்கள் நிற்கிற சதுக்கத்திலேயே பிரித்துவிட்டேன். கால்வாய்க்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெஞ்சில் இருந்த நம் நாட்டுப் பெண்கள் "என்னடி, எங்களுக்கும் சொல்லேன்" என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினேன். பயப்படாதே, நம் ஊர்க்காரி யாரும் இல்லை. எவ்வளவு நாளாயிற்று தெரியுமா நாங்கள் அப்படிச் சிரித்து!

இப்போது கவனி. பீட்ரூட்டைத் தண்ணீரில் போடாதே. துருவிக் கொழுப்பில் தனியாக வதக்கு; வதங்கும்போதே கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. நிறத்தைப் பிடித்து வைப்பது அந்தப் புளிப்புதான். உருளைக்கிழங்கு முதலில் எலும்புச் சாற்றில் நன்றாக வெந்துவிட வேண்டும். புளிப்பு பட்டால் பிறகு அது வேகவே வேகாது. அப்புறம் கோஸ், அப்புறம் வெங்காயமும் கேரட்டும் வதக்கியது. பீட்ரூட் கடைசியில். அது விழுந்தபின் கொதிக்கவிடாதே, ஓரத்தில் குமிழ் விட்டால் போதும். பூண்டையும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பையும் நசுக்கிப் போட்டு மூடிவிட்டு, அடுப்படியை விட்டு வெளியே போ. நீ அங்கேயே நின்றால் திறந்து திறந்து பார்ப்பாய்.

பரஸ்காவைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எழுதுகிறேன் பார், அதிலிருந்தே நீ தெரிந்துகொள்.

நான் பார்த்துக்கொள்கிற பெரியவர் இந்த வாரம் இரண்டு முறை என்னை அவர் செத்துப்போன மனைவியின் பேரால் கூப்பிட்டார். பதில் சொன்னேன். வேறென்ன செய்வது.

சோலோமியாவுக்குத் தலை வாரும்போது இழுக்காதே.

ஸ்டெஃபா

*

லிப்னிக்கி
14 டிசம்பர் 2003

ஸ்டெஃபா,

உன் முறைப்படி வைத்தேன். சிவப்பாக வந்தது. இதை ஒரு மாதத்துக்கு முன் எழுதியிருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

நவம்பர் கடைசியில் ஆணி வாங்கக் கடைக்குப் போனேன். ஆலையில் என்னோடு வேலை பார்த்த மிரோனும் இன்னும் நாலைந்து பேரும் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மிரோன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "வாங்கம்மா ஸெனோவியா! இன்னைக்கு என்ன சமையல்? கால்வாய்த் தண்ணியா, இல்ல தெளிஞ்சிருச்சா?" கடைக்காரி வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், ஸ்டெஃபா. ஆணி வாங்காமல் வந்துவிட்டேன்.

கால்வாய் என்ற வார்த்தையை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

அதன்பின் ஒரு வாரத்துக்கு மேல் அடுப்பைத் தொடவில்லை. பிடிவாதம். சோலோமியாவுக்கு ரொட்டியும் ஊறுகாயும் போட்டேன், சில காலையில் அதுவும் இல்லை. நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பிறகு பள்ளி ஆசிரியை ஆள் அனுப்பினார். போனேன். சோலோமியா இன்னொரு பிள்ளையின் பைக்குள் கைவிட்டு ரொட்டியும் கொழுப்பும் எடுத்துத் தின்றிருக்கிறாள். ஆசிரியை மெதுவாகத்தான் பேசினார்: "திருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். பசிச்சிருக்கு, எடுத்திருக்கா. ஆனா ஏன் பசிச்சுதுன்னு உங்களைத்தான் கேக்கணும்." குழந்தை கதவோரம் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்காக அவள் வெட்கப்பட்டாள், தனக்காக அல்ல.

வீட்டுக்கு வந்து திரைச்சீலையைக் கொக்கியோடு கழற்றிக் கீழே போட்டேன். உன் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவன் எல்லாம் பார்க்கப் பீட்ரூட் துருவினேன். மிரோன் பார்த்தான். சன்னலைத் தட்டி என்னவோ சொன்னான். காதில் விழவில்லை.

கிறிஸ்துமஸ் இரவுக்கு இறைச்சி இல்லாத போர்ஷ் வைக்க வேண்டும், காளான் அடைத்த குட்டி மாவுக்கொழுக்கட்டைகளோடு. பரஸ்காவிடமே போய்க் கேட்டுக்கொண்டேன். சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனதற்கு முதலில் நன்றாகத் திட்டினாள்: "நான் என்ன உன்னைக் கட்டிக்கிறேன்னா சொன்னேன்? மூஞ்சியைப் பாரு!" அப்புறம் சொல்லிக் கொடுத்தாள்.

உன் கடிதம் வந்தால் படிப்பேன். கோபம் இல்லை. இருக்கிறது.

ஸெனோவி

*

நேப்பிள்ஸ்
11 ஜனவரி 2004

ஸெனோவி,

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தி மிரோனின் மைத்துனி. எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு பதிலா? வீட்டுக்காரனின் மானத்தைச் சதுக்கத்தில் எடுத்து வைத்துச் சிரித்தேன். அவள் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். குழந்தை அடுத்தவர் பையில் கைவிட்டதற்கு ஆரம்பம் என் வாயில் இருக்கிறது. இதை எழுதியபின் மறுபடி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நானும் வைத்தேன். இங்கே பீட்ரூட்டை வேகவைத்து, தோலுரித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கிறார்கள். சதகுப்பைக் கீரை கிடைக்கவில்லை. பெரியவருக்கு உப்பு ஆகாது என்பதால் உப்பும் இல்லை. அவர் மகள் வந்து பாத்திரத்தைப் பார்த்து, "இது என்ன, யாருக்காவது அடிபட்டுச்சா?" என்றாள். நான் ஒரு தட்டு சாப்பிட்டேன், மீதியை ஊற்றிவிட்டேன்.

எனக்குத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முழுவதும் விடுப்பு கேட்டிருக்கிறேன். வருகிறேன். வந்து உங்களுக்கு நான் சமைத்துப் போடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

ஸ்டெஃபா

*

நேப்பிள்ஸ்
22 ஆகஸ்ட் 2004

ஸெனோவி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெரியவரின் மகள் அவசரமாக வரச் சொல்லியதால்தான் முன்கூட்டியே கிளம்ப வேண்டியதாயிற்று. சோலோமியா தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை. அவளுக்குக் கொண்டுவந்த நீல உடை இடுப்பில் இறுக்கமாக இருக்கிறது, பிரித்துத் தைக்கச் சொல்.

வீட்டைச் சுத்தமாகவே வைத்திருக்கிறாய். கரண்டிகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாய் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தேடினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெஃபா

*

லிப்னிக்கி
5 செப்டம்பர் 2004

ஸ்டெஃபா,

நம் வீட்டில் தொலைபேசி இல்லை. உனக்கு அழைப்பு வந்தால் பரஸ்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும். வரவில்லை என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். நம் கோயில் திருநாள் அன்று உன் அக்கா குடும்பமும் மிரோன் குடும்பமும் நம் வீட்டு மேசையில். நீ விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்றாய். என்னை உள்ளே விடவில்லை. "இன்னைக்கு நீ விருந்தாளி, போய் உக்காரு" என்றாய். கரண்டி எங்கே என்று நீ தேடியபோது எடுத்துக் கொடுக்க எழுந்தேன். உன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாருக்கும் ஊற்றினாய். மேலே புளித்த பாலாடை வைத்தாய். சோலோமியா ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள். "அப்பா வைக்கிற மாதிரி இல்ல."

ஓரிஸ்யா, "ஏய், வாயை மூடு" என்றாள். மிரோன் சிரித்தான். நீயும் சிரித்தாய், "அப்படியா கண்ணு?" என்றாய். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நீங்க கொஞ்சம் சரி பண்ணுங்களேன்" என்றாள்.

நான் எழுந்தேன்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன், உன்னைத் தாண்டி அடுப்புக்குப் போனேன். உப்பு போட்டேன், வினிகர் விட்டேன், கொஞ்சம் சர்க்கரை, பூண்டு நசுக்கினேன். உன் பாத்திரத்தில், உன் வீட்டில், உன் அக்கா பார்க்க. தட்டுகளைத் திரும்ப வாங்கி ஊற்றி எல்லாருக்கும் மறுபடி கொடுத்தேன். மிரோன் சாப்பிட்டுப் பார்த்து, "இதுதாண்டா போர்ஷ்! ஸ்டெஃபா, உன் புருஷன்கிட்ட கத்துக்கோ" என்றான். அவன் என்னைப் பாராட்டினான். ஆலை மூடிய நாளிலிருந்து என்னை ஒருவன் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஸ்டெஃபா. நீ ஒன்றரை வருஷம் அயலான் வீட்டில் கிழவரைக் குளிப்பாட்டிச் சம்பாதித்த காசில் வாங்கிய இறைச்சி அது. நீ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றுகொண்டிருந்தாய், துடைக்க ஒன்றும் இல்லாத கையை. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன். இரண்டாம் நாள் நீ கிளம்பினாய்.

மிரோன் கடையில் கேலி செய்தபோது பட்ட வெட்கம் வெளியிலிருந்து வந்தது, கதவைச் சாத்தலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஸெனோவி

*

நேப்பிள்ஸ்
17 அக்டோபர் 2004

ஸெனிக்,

ஒன்றரை மாதமாக உனக்குப் பதில் எழுதி எழுதி அனுப்பாமல் இருக்கிறேன். யரேமா ஒவ்வொரு ஞாயிறும், "என்னக்கா, இந்த வாரமும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறான்.

முதலில் உன்மேல் கோபம் என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நான் வைத்தது நன்றாக இல்லை. அதுகூடப் பெரிதில்லை. நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை! மூன்று முறை ருசி பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். பெரியவரோடு சேர்ந்து உப்பில்லாததையும் புளிப்பில்லாததையும் தின்று தின்று என் நாக்கு வேறு நாக்காகிவிட்டது. நீ சரி செய்து ஊற்றியதை வாயில் வைத்ததும்தான் புரிந்தது. அது என்னுடைய போர்ஷ். கடிதத்தில் நான் எழுதி அனுப்பியதேதான். உன் கையில் நன்றாக இருந்தது. உன்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது, ஆனாலும் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீ பார்த்திருப்பாய்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் வெறும் விடுமுறைக்கு வரவில்லை. சோலோமியாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். பெரியவரின் மகள் பின்பக்கத்து அறையைத் தருகிறேன் என்றாள். பக்கத்துத் தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் பேசியும் வைத்திருந்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு நானே அடித்தேன். அந்த விருந்து முடிந்ததும் உன்னிடம் கேட்பதாக இருந்தேன். கேட்கக் கூட இல்லை, சொல்வதாக இருந்தேன். சம்பாதிக்கிறவள் நான்தானே என்ற எண்ணம்.

அப்புறம் அவள் உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எந்த வாயால் கேட்பேன்? அவளைப் பெற்றது நான். இப்போது அவளுக்கு எது ருசி என்பது எனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்லாமல் கிளம்பினேன். அவளைத் தூங்கவிட்டது இரக்கத்தால் அல்ல. கண்ணைத் திறந்து, "போய்ட்டு வாங்கம்மா" என்று சும்மா சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவளிடம் நீ கேட்டுப் பார். கேட்காவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்டெஃபா

*

லிப்னிக்கி
21 நவம்பர் 2004

ஸ்டெஃபா,

கேட்கவில்லை. பலமுறை வாயெடுத்தேன். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. எவ்வளவு சின்ன மனுஷன் பார்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு இந்த வீட்டில் போர்ஷ் வைப்பதில்லை. முதலில் சில தடவை நான் வைத்தேன், அவள் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள், பிறகு பல்வலி என்றாள். போன சனிக்கிழமை நான் பீட்ரூட்டைக் கையில் எடுத்ததும் வந்து பிடுங்கிக்கொண்டாள். "வேணாம்பா. நான் சொன்னதுனாலதான அம்மா போய்ட்டாங்க? நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியல." மூன்று மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம், அதன் முழுப் பாரமும் அவள்மேல் இருந்திருக்கிறது.

"நீ சொன்னது தப்பில்ல, நான் எழுந்ததுதான் தப்பு" என்றேன். நம்பவில்லை. "அப்போ அம்மாவை வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

எனவே நீ வர வேண்டும். அந்த அறையைப் பற்றியும் நீயே அவளைக் கேட்க வேண்டும், நேரில். அவள் என்ன சொன்னாலும் நான் குறுக்கே வர மாட்டேன். போகிறேன் என்றால் பெட்டியை வேனில் நானே ஏற்றிவிடுகிறேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

ஸெனோவி

*

நேப்பிள்ஸ்
5 டிசம்பர் 2004

ஸெனிக்,

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். யரேமாவிடம் இடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் இருப்பேன் என்பதை வந்துதான் சொல்ல முடியும்; எனக்கே தெரியாது. அவளைக் கேட்பேன். அவள் மாட்டேன் என்றால் அழுவேன், அதை அவள் பார்க்காமல் பார்த்துக்கொள்வது உன் வேலை.

அவள் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதை வேனிலிருந்து இறங்கியதும் முதல் வார்த்தையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னாலேயே இந்தப் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டு. சோலோமியா கண்ணே, அம்மா உன்னால் போகவில்லை. அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது, அதனால் போனாள். பெரியவர்களுக்கும் அப்படி ஆகும்.

கிறிஸ்துமஸ் இரவு போர்ஷை நான் வைக்கிறேன். என் நாக்கு இன்னும் திரும்பி வரவில்லை, அதனால் எப்படி வருமோ தெரியாது. நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லாமலே சாப்பிடுவோம். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

நீ மட்டும் எழுந்திருக்காதே. பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஸ்டெஃபா